சிறு படகிலிருந்து சூரை பிடிப்பதற்கான கைத்தூண்டில்: கட்டும் முறையும் இறக்கும் முறையும்

கைத்தூண்டிலில் கம்போ, இழுவையைத் தானாகச் சீர்செய்யும் சுருளியோ கிடையாது. கடலுக்குள் முள்ளைக் கவ்விய மீனுக்கும் படகில் நிற்பவருக்கும் நடுவே இருப்பது ஒரு கயிறும் ஒரு சோடிக் கையுறையும் மட்டுமே. சூரையோ இடைவிடாமல் நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுள் வழியாக நீர் பாய்ந்து மூச்சுவிட முடியும் என்ற உடலமைப்பைக் கொண்ட மீன். அது முள்பட்டவுடன் ஆழத்தை நோக்கிப் பாயும் முதல் ஓட்டத்தில் தூண்டிலின் ஒவ்வொரு கணுவும் சோதிக்கப்படுகிறது. ஆகவே நல்ல கைத்தூண்டில் என்பது மிக வலிமையான தூண்டில் அன்று. எந்த இடத்தில் விசை ஏற வேண்டும், எந்த இடத்தில் அறுபட வேண்டும், கயிறு முழுவதும் ஓடிவிட்டால் அடுத்து என்ன நடக்க வேண்டும் என்பனவெல்லாம் கரையிலேயே தீர்மானிக்கப்பட்ட தூண்டில். இந்த வழிகாட்டி அந்தத் தீர்மானங்களை வரிசையாக எடுத்துச் சொல்கிறது. 5 முதல் 8 மீட்டர் வரை நீளமுள்ள, இருவர் அல்லது மூவர் செல்லும் படகை மனத்தில் வைத்தே இது எழுதப்பட்டுள்ளது.

எந்தச் சூரைக்காக?

வரிச்சூரை பெரும்பாலும் 2 முதல் 6 கிலோவுக்குள் இருக்கும். மேல்நீரில் கூட்டமாக இரை தேடும். மஞ்சள்துடுப்புச் சூரையின் நிலை வேறு. அதன் குட்டிகள் வரிச்சூரைக் கூட்டத்தோடு கலந்து மேலே திரியும். வளர்ந்த மீன்களோ 2 மீட்டரைத் தாண்டும் நீளத்தையும் 100 கிலோவுக்கும் மேற்பட்ட எடையையும் எட்டக்கூடியவை, பகலில் அவை ஆழமாகவே நிற்கும். பெருங்கண் சூரை பகல் வேளையில் அதனினும் ஆழத்துக்கு, 300 மீட்டருக்கும் கீழே இறங்கும் பழக்கமுடையது; ஆதலால் சிறு படகின் பகல்நேரக் கைத்தூண்டிலுக்கு அது எளிதில் எட்டுவதில்லை.

கீழே சொல்லப்படும் அமைப்பு மஞ்சள்துடுப்புச் சூரைக்கானது. பெரிய மீனுக்கென்று கட்டிய தூண்டிலில் சிறிய மீனும் படலாம். சிறிய மீனுக்கென்று கட்டியதில் பெரியது பட்டால் தூண்டிலை இழப்பதோடு கைக்கும் காயம் நேரும்.

பிரதான கயிறு

பிரதான கயிற்றின் முதல் தகுதி கையில் பிடிபடுவது. வலிமை அதற்கு அடுத்ததே. 4 முதல் 6 மில்லிமீட்டர் பருமனுள்ள, பின்னப்பட்ட பாலியஸ்டர் அல்லது தார் ஏற்றிய நூற்கயிறு நனைந்த கையுறையிலும் வழுக்காது, சுருண்ட வடிவம் தங்காமல் கூடையில் அமைதியாகக் கிடக்கும். 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட தடித்த தங்கூசி நரம்பையும் (ஒற்றை இழை நைலான்) பலர் பிரதான கயிறாகப் பயன்படுத்துகிறார்கள். அது நீரோட்டத்தைக் குறைவாகவே எதிர்ப்பதால் நேராக இறங்கும். ஆனால் வழுக்கும், வளையங்களாகச் சுருண்டு எழும். புதிதாகத் தொடங்குபவர் பின்னல் கயிற்றையே தேர்ந்தெடுப்பது நல்லது என்பது என் கருத்து. கம்புத் தூண்டில்களில் பயன்படும் மெல்லிய, மிகு வலிமையுள்ள பாலிஎத்திலீன் பின்னல் இழையை மட்டும் கைத்தூண்டிலுக்கு ஒருபோதும் எடுக்கக்கூடாது. இழுவிசை ஏறிய நிலையில் அது கையுறையையும் விரலையும் ஒருசேர வெட்டிவிடும்.

நீளம் 120 பாகம், ஏறத்தாழ 220 மீட்டர், இருக்கட்டும். முள்முனையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பத்துப் பாகத்துக்கும் வண்ண நூலால் இறுக்கச் சுற்றி அடையாளம் இட வேண்டும்: பத்துக்கு ஒரு சுற்று, இருபதுக்கு இரண்டு, முப்பதுக்கு மூன்று, ஐம்பதுக்கும் நூறுக்கும் வேறு நிறம். விடியலுக்கு முந்தைய இருளில் கண்ணால் பார்க்க முடியாதபோதும் விரல் தடவி அறியும் வகையில் அந்தச் சுற்று மேடாக இருக்க வேண்டும். மீன் எந்த ஆழத்தில் கடித்தது என்று தெரியாவிட்டால் அடுத்த மீனை அதே ஆழத்தில் தேட வழியில்லை. இந்த அடையாளங்களுக்காகச் செலவிடும் அரைநாள் வேலை வீணாவதே இல்லை.

கயிற்றின் படகுமுனையை எதனோடு இணைப்பது என்பதே இந்த அமைப்பில் மிக முக்கியமான கேள்வி. அதைப் படகின் வளையத்திலோ, இருக்கைச் சட்டத்திலோ, எக்காரணம் கொண்டும் ஒருவரின் உடலிலோ கட்டக்கூடாது. அந்த முனையில் ஒரு கண்ணி பின்னி, ஒரு மீட்டர் இணைப்புக் கயிற்றின் வழியாக 20 முதல் 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள கெட்டியான மிதவையை, முடிந்தால் இரண்டை, கட்டிவிட வேண்டும். கயிறு முழுவதும் ஓடி முடியும் நிலையில் மிதவையைத் தூக்கிக் கடலில் எறிந்துவிடலாம். மீன் மிதவையை இழுத்து இழுத்துக் களைக்கும். படகு பின்தொடர்ந்து சென்று மிதவையை எடுத்துக்கொள்ளும். மிதவைக்குப் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் பூசுவதும், இரவில் போவோர் ஒரு சிறு விளக்கை அதில் பொருத்துவதும் தேவையே.

முன்நரம்பும் முள்ளும்

முள்ளுக்கும் பிரதான கயிற்றுக்கும் இடைப்பட்ட தங்கூசி நரம்பை இங்கே முன்நரம்பு என்று குறிப்பிடுகிறேன். சூரையின் கண்பார்வை கூர்மையானது. தெளிந்த நீரில் தடித்த கயிற்றை அது கண்டு விலகும். ஆகையால் முன்நரம்பு 8 முதல் 10 மீட்டர் நீளமாவது இருக்க வேண்டும். நரம்பின் வலிமை அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதை நினைவில் கொண்டால் தேர்வு எளிதாகும்: 1 மில்லிமீட்டர் நரம்பு சுமார் 45 கிலோ தாங்கும் என்றால், 2 மில்லிமீட்டர் நரம்பு அதைப்போல் இரண்டு மடங்கன்று, நான்கு மடங்கு, ஏறக்குறைய 180 கிலோ தாங்கும். வளர்ந்த மஞ்சள்துடுப்புச் சூரைக்கு 1.6 முதல் 2 மில்லிமீட்டர் வரை பொருத்தமானது. வெயில் ஏறிய பிறகு கடி குறைந்தால் மெல்லிய நரம்புக்கு மாறிப் பார்க்கலாம்.

எந்த விட்டத்தைத் தேர்ந்தெடுத்தாலும், முன்நரம்பின் வலிமை பிரதான கயிற்றின் வலிமையைவிடத் தெளிவாகக் குறைந்திருக்க வேண்டும். அடியில் எதிலேனும் சிக்கினாலோ, தாங்க முடியாத மீன் பட்டாலோ, அறுபடுவது முள்ளருகே இருக்கும் சில மீட்டர் நரம்பாகவே இருக்கட்டும். பிரதான கயிறு நடுவில் அறுந்தால் நூறு மீட்டர் கயிற்றை இழுத்துக்கொண்டு ஒரு மீன் சாகப் போகிறது. அந்தக் கயிறு பிறகு வேறொருவரின் எஞ்சின் விசிறியிலும் சிக்கும். முன்நரம்புக்கு எஃகுக் கம்பியையும் பயன்படுத்த வேண்டாம். சூரையின் பற்கள் சிறியவை, கம்பி தேவைப்படுவதில்லை. நரம்பாக இருந்தால் தவறிப் பட்ட சுறா அதைக் கடித்துக்கொண்டு போய்விடும், அது இருபுறத்துக்கும் நன்மையே.

முள் வட்ட வடிவமாக இருக்கட்டும். அதன் கூர்முனை முள்தண்டை நோக்கி உள்வளைந்திருப்பதால், மீன் இரையை விழுங்கித் திரும்பும்போது முள் தொண்டையில் பதியாமல் வழுக்கி வந்து வாயின் மூலையில் பதிகிறது. அங்கே பதிந்த முள் எளிதில் கழல்வதில்லை, நரம்பும் பற்களில் உராய்வதில்லை. கடலாமை போன்றவை தவறிப் பட்டாலும் உயிரோடு விடுவிக்க வாய்ப்பு அதிகம். பெரிய மீனுக்கு 14/0 முதல் 16/0 வரையிலான அளவு எண்ணிலும், 10 கிலோவுக்குட்பட்ட மீனுக்கு அதைவிடச் சிறியதாகவும் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் எண்கள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுபடுவதால், இரையைக் கோத்த பிறகும் முள்முனைக்கும் தண்டுக்கும் இடையே போதிய திறப்பு எஞ்சுகிறதா என்று பார்ப்பதே உறுதியான அளவுகோல்.

இணைப்புகளைச் செய்தல்

தடித்த நரம்பில் முடிச்சு சரியாக இறுகாது. இறுகினாலும் அந்த இடத்தில் வலிமை குறையும். 1.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட நரம்புகளை உலோகக் குழல் இட்டு நசுக்கி இணைப்பதே முறை. நரம்பை வெட்டிவிடாத மென்மையான அலுமினியக் குழல், இரண்டு நரம்புகள் நெருக்கமாக நுழையும் அளவில் தேவை. குழலில் நரம்பைச் செலுத்தி, முள்ளின் காதில் நுழைத்து, மீண்டும் குழலுக்குள் கொண்டுவந்து சிறு கண்ணியாக்க வேண்டும். உராய்வைத் தாங்க, கண்ணிக்குள் ஒரு சிறு பிளாஸ்டிக் குழாயையோ உலோகத் தாங்கியையோ பொருத்துவது நலம். நரம்பின் நுனியை நெருப்பில் இலேசாகக் காட்டி ஒரு மணியாக உருகவிட்டு, அந்த மணி குழலின் வாயைத் தொடும்வரை இழுத்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு அதற்குரிய இடுக்கியால் குழலின் நடுப்பகுதியை மட்டும் நசுக்க வேண்டும். இரு ஓரங்களிலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நசுக்கப்படாமல் மணிவாய் போல விரிந்திருக்க வேண்டும். ஓரம்வரை நசுக்கினால் குழலின் விளிம்பே கத்தியாகி நரம்பை வெட்டும். பெரிய மீன்கள் தப்பிய தூண்டில்களை எடுத்துப் பார்த்தால் அறுபட்ட இடம் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். அதனால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

முன்நரம்பின் மறுமுனையிலும் இதே போலக் குழலிட்டு, ஸ்விவல் எனப்படும் சுழல்வளையத்தோடு இணைக்க வேண்டும். சூரை வட்டமிட்டுச் சுற்றும்போது கயிறு முறுக்கேறாமல் காப்பது அதுதான். உள்ளே உருளும் உலோக மணிகள் பொருத்திய, முழுச் சுமையிலும் சுழலும் தரமானதாகப் பார்த்து வாங்க வேண்டும். சுழல்வளையத்தின் மறுபக்கத்தைப் பிரதான கயிற்றில் பின்னிய கண்ணியோடு இணைத்தால் தூண்டிலின் உடல் முடிந்தது. இனி முள்ளை அசையாத ஒன்றில் மாட்டி, கண்ணைக் காக்கும் கண்ணாடி அணிந்து, கையுறையோடு உடல் எடை முழுவதையும் கொடுத்து இழுத்துச் சோதிக்க வேண்டும். வழுக்கும் குழலைத் திருத்தப் பார்க்காமல் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்வதே சரி.

பாரத்தை ஈயமாகக் கட்டுவதா, கல்லாகக் கட்டுவதா?

இரையை ஆழத்துக்குக் கொண்டுபோக அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை பாரம் தேவைப்படுகிறது. ஈயக்குண்டைச் சுழல்வளையத்துக்கு மேலே கட்டுவது எளிய வழி. ஆயினும் அதில் ஓர் ஆபத்து உண்டு. மீனைப் படகருகே கொண்டுவரும்போது ஈயம் நீருக்கு மேலே வந்துவிடும். அந்த நேரத்தில் முள் கழன்றால், நீண்டிருந்த நரம்பு ஈயத்தை முகத்தை நோக்கி எறியும். ஈயத்தைப் பயன்படுத்துவோர் அதை எளிதில் அறுபடும் மெல்லிய நூலால் தனியாகக் கட்ட வேண்டும், நரம்பு இறுகியிருக்கையில் தலையைக் கயிற்றின் நேர்கோட்டில் வைக்கவும் கூடாது.

கல்லிடும் முறையில் இந்த ஆபத்தே இல்லை. பசிபிக் தீவுகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் இம்முறையை ஹவாய் மீனவர் பாலு-அஹி என்கின்றனர். உள்ளங்கை அளவுள்ள தட்டையான கல்லின் மீது முள்ளில் கோத்த இரையை வைத்து, அதைச் சுற்றிலும் நறுக்கிய மீன்துண்டுகளையும் கணவாய்த் துண்டுகளையும் ஒரு கையளவு பரப்பி, அகலமான இலையாலோ மக்கும் துணியாலோ மூடி, முன்நரம்பை அதன்மேல் நெருக்கமாகப் பத்துச் சுற்றுகள் சுற்றி, இழுத்தால் அவிழும் சுருக்கால் முடிக்க வேண்டும். குறித்த ஆழத்துக்கு இறக்கியபின் ஒருமுறை வெடுக்கென்று இழுத்தால் சுருக்கு அவிழும், கல் கீழே போகும், துண்டுகள் மேகம்போல் விரியும், அதன் நடுவே பாரமற்ற இரை தானாக மிதந்து தாழும். பாரம் கட்டிய இரை இழுபட்டுத் தொங்குவதைச் சூரை அறியும். சிதறும் துண்டுகளோடு சேர்ந்து இறங்கும் இரையை அது ஐயுறுவதில்லை. ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரு கல் செலவாவதால், முப்பது நாற்பது கற்களைக் கழுவிப் படகின் நடுவில், உருளாதபடி பெட்டியில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். என் பார்வையில் அது ஒரு குறையே அல்ல.

இரை

மத்தி, கும்புளா, பறவைக் கோலா, கணவாய் ஆகிய அனைத்தும் சூரைக்கு ஏற்றவை. உயிரிரை எப்போதும் முந்தும். அதைக் கண்ணுக்கு முன்னால் மூக்குப்பகுதியிலோ, முதுகுத்துடுப்புக்கு முன்னே தோலடியிலோ மேலோட்டமாகக் கோத்தால் நெடுநேரம் நீந்தும். செத்த இரையாயின் புதியதாக, வயிறு வெடிக்காததாக இருக்க வேண்டும்.

படகில் ஒழுங்கு

கயிற்றை அகன்ற வாயுள்ள கூடையிலோ தொட்டியிலோ அடுக்க வேண்டும். முதலில் மிதவையைக் கூடைக்கு வெளியே தொங்கவிட்டு, மிதவை முனையிலிருந்து தொடங்கி வளையங்களை இட்டுக்கொண்டே வந்து, முள்முனை எல்லாவற்றுக்கும் மேலே வரும்படி முடிக்க வேண்டும். அப்போதுதான் மேலிருந்து கயிறு உருவி ஓடும், மிதவையும் எந்தச் சிக்கலுமின்றி எறியக் கிடைக்கும். தரையில் ஒரு வளையம்கூடக் கிடக்கக்கூடாது. ஓடும் கயிற்று வளையத்துள் கால் அகப்பட்டால் மனிதர் கடலுக்குள் இழுக்கப்படுவார். மீண்டும் இழுத்தெடுக்கும் கயிற்றைப் போட ஒரு காலித் தொட்டி அருகில் இருக்க வேண்டும். கூரிய கத்தி ஒன்று, இரண்டு பேருக்கும் கை நீட்டினால் எட்டும் இடத்தில் உறையோடு பொருத்தப்பட்டிருக்க வேண்டும். உயிர்காப்பு மேலாடையைக் கழற்றி வைக்கக் கூடாது.

படகு எந்தப் பக்கமாக நகர்கிறது என்பதைப் பார்த்துத் தூண்டில் இறக்கும் பக்கத்தைத் தீர்மானிக்க வேண்டும். காற்று வீசிவரும் பக்கத்தில் இறக்கினால் படகு கயிற்றை விட்டு விலகி நகரும். எதிர்ப்பக்கத்தில் இறக்கினால் கயிறு படகின் அடியில் புகுந்து விசிறியில் சிக்கும். படகின் முன்பகுதியான அணியத்தில் ஒரு நீர்நங்கூரத்தை, அதாவது நீருக்குள் குடைபோல் விரிந்து படகை இழுத்துப் பிடிக்கும் துணியை, விரித்தால் நகர்வு மெதுவாகும். பெரிய மீன் பட்டவுடன் அதை எடுத்துவிட மறக்கக்கூடாது. இருவர் செல்லும் படகில் இரண்டு தூண்டில்களுக்கு மேல் வேண்டாம். ஒன்றில் மீன் பட்டால் மற்றதை உடனே ஏற்றிவிட வேண்டும்.

இறக்குதல்

பறவைகள் தாழப் பறந்து நீரைக் கொத்தும் இடம், மிதக்கும் மரம், மீன்களைக் கவர்ந்து திரட்டுவதற்காக நங்கூரமிட்ட மீன்திரட்டி மிதவை, ஆழம் சட்டென்று சரியும் விளிம்பு ஆகியவற்றின் அருகே சூரையை எதிர்பார்க்கலாம். மீன்திரட்டியில் படகைக் கட்டாமல், நீரோட்டம் வரும் திசையில் மேலே சென்று, மீன் நிற்கும் பகுதிக்கு இரை மிதந்து போய்ச் சேரும்படி இறக்க வேண்டும். திரட்டிகளின் நீரோட்ட முகப்பிலேயே சூரை கூடுதலாக நிற்பது வழக்கம்.

விடியலுக்கு முன் 20 முதல் 40 மீட்டரிலும், வெயில் ஏற ஏற 60 முதல் 120 மீட்டரிலும் தேடத் தொடங்கலாம். இறக்கிய கயிற்றின் நீளமும் உண்மையான ஆழமும் ஒன்றல்ல. நீரோட்டத்தில் கயிறு செங்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்தால் 100 மீட்டர் கயிறு 87 மீட்டர் ஆழத்தையே எட்டும். 45 பாகை சாய்ந்தால் 71 மீட்டரைத்தான். மேலே குட்டிச்சூரைகள் துள்ளுவதைக் கண்டு அங்கேயே நின்றுவிடாமல், அவற்றுக்குக் கீழே இறக்கிப் பார்ப்பவருக்கே பெரிய மீன் கிட்டும். இரவில் விளக்கொளியில் கணவாய் திரளும்போது சூரை மேலெழுந்து வருவதால், 15 முதல் 40 மீட்டரே போதுமானதாகிவிடுகிறது.

மீன் பட்டபின்

வட்ட முள்ளில் வெடுக்கென்று இழுக்கக்கூடாது. இழுத்தால் இரை மீனின் வாயிலிருந்து வெளியே வந்துவிடும். கயிறு தானாக இறுகி ஓடத் தொடங்கும்வரை காத்து, பிறகு மெல்லப் பிடியை இறுக்கினால் போதும். முதல் ஓட்டத்தை நிறுத்த முயலாமல், கயிறு கையுறையின் ஊடே சீரான அழுத்தத்தில் ஓட விட வேண்டும். கயிற்றைக் கையில் ஒரு சுற்றுக்கூடச் சுற்றக்கூடாது என்பது இந்தத் தொழிலில் விலக்கே இல்லாத விதி. ஓட்டம் தளர்ந்ததும் கைமாற்றிக் கைமாற்றி இழுத்து, மீன் மறுபடி ஓடினால் விட்டுக்கொடுத்து, நூறு பாக அடையாளம் கடந்தும் ஓட்டம் நிற்காவிட்டால் மிதவையை எறிந்துவிட வேண்டும். இன்னொருவர் எஞ்சினை இயக்கி, கயிறு எப்போதும் படகின் பக்கவாட்டிலேயே இருக்குமாறு அணியத்தைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும்.

இறுதியில் மீன் படகின் அடியில் வட்டமிடத் தொடங்கும். வட்டத்தில் அது படகை நோக்கி வரும் பாதியில் கயிற்றைச் சேர்க்கவும், விலகும் பாதியில் பிடித்து மட்டும் வைக்கவும் வேண்டும். அவசரப்பட்டு இழுப்பவரின் மீன் இங்கேதான் கழலும். ஆனாலும் தேவைக்கு மேல் நீட்டிக்கவும் கூடாது. சூரை சுற்றியுள்ள நீரைவிடத் தன் தசையை வெப்பமாக வைத்திருக்கும் மீன். போராட்டம் நீள நீள உடல்வெப்பமும் தசையமிலமும் ஏறி, இறைச்சி வெளிறிச் சுவை கெடும்.

கொக்கித்தடியைத் தலையில் மட்டுமே பாய்ச்ச வேண்டும். உடலில் பட்டால் இறைச்சி வீணாகும். பெரிய மீனாயின் இரண்டாம் கொக்கியும், வாலில் ஒரு சுருக்குக் கயிறும் தேவை. படகுக்கு வெளியே இருக்கும்போதே தலையில் தடியால் அடித்துச் செயலிழக்கச் செய்து, அலை படகை அந்தப் பக்கம் சாய்க்கும் நேரத்தில் வழுக்கி உள்ளே ஏற்ற வேண்டும். எல்லோரும் ஒரே விளிம்பில் குவிந்தால் சிறு படகு கவிழும்.

இரத்தம் வடித்தலும் பனிக்கட்டியும்

இரு கண்களுக்கும் இடையே உச்சியிலுள்ள மென்மையான இடத்தில் கூரிய முனையைச் செலுத்தி மூளையை அழித்தால் துடிப்பு அடங்கும். உடனே இருபுறமும் மார்புத்துடுப்பின் அடிக்குச் சில விரற்கடை பின்னால் ஆழமற்ற வெட்டு ஒன்றை இட்டு, செவுள்களின் உட்சவ்வையும் வெட்டி, இரத்தம் முழுவதும் வடியுமாறு நீர் ஊற்ற வேண்டும். பிறகு செவுளையும் குடலையும் நீக்கி, பனிக்கட்டியும் கடல்நீரும் கலந்த குழம்பில் மீன் முழுவதும் மூழ்கும்படி வைக்க வேண்டும். மீனின் எடைக்குக் குறையாத பனிக்கட்டி இல்லாமல் சூரைக்குப் புறப்படக்கூடாது. 4 பாகை செல்சியசுக்கு மேல் கிடக்கும் சூரையில் நுண்ணுயிரிகளால் ஹிஸ்டமின் உருவாகிறது. ஒருமுறை உருவான அந்த நஞ்சைச் சமைப்பதோ உறையவைப்பதோ நீக்காது, மணத்தாலும் தோற்றத்தாலும் அதை அறிய முடியாமலும் போகலாம்.

அடுத்த இறக்கத்துக்கு முன் முன்நரம்பின் கடைசி இரண்டு மீட்டரை விரல்களுக்கிடையே உருவிப் பார்க்க வேண்டும். சொரசொரப்போ வெள்ளைக் கோடோ தென்பட்டால் அந்த நரம்பை மாற்றிவிட வேண்டும். இதற்காக முள்ளோடு குழலிட்டு முடித்த நான்கைந்து முன்நரம்புகளைத் தனித்தனியே சுருட்டி எடுத்துச் செல்வது வசதி. கரை சேர்ந்ததும் கயிற்றை நன்னீரில் அலசி நிழலில் உலர்த்தி, சுழல்வளையம் தடையின்றிச் சுழல்கிறதா, அடையாள நூல்கள் தளரவில்லையா என்று பார்த்து, கழித்த நரம்புகளைச் சிறு துண்டுகளாக வெட்டிக் கரைக்குப்பையில் சேர்த்துவிடலாம்.